எல்லோரும் பூஜ்யம் வாங்கிய அணி

கல்லூரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல்வர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் பாறை. மாணவிகளுக்குப் பாறை சார். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைப் பார்த்தால் அவருக்கே ஒரு நொடி யாரோ எவரோ என்றுதான் தோன்றும். பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளராக வந்த நாளிலிருந்து தலைமுடியில் பாதி கொட்டிவிட்டது, மீதி வெளுத்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் ஒரு கீறல் விழாமல் இருக்கிறது.

பெயருக்குக் காரணம் கேட்டால் மாணவிகள் பெருமையோடு சொல்வார்கள். ஆட்டம் எந்த நிலைமைக்குப் போனாலும் சார் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. நடுவரோடு மல்லுக்கு நிற்க மாட்டார். தோற்றால் கத்த மாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கடைசிப் பாயிண்ட்டை அவர் பார்ப்பதே இல்லை. இரண்டு அணியும் சமமாக நின்று அரங்கமே எழுந்து கத்திக்கொண்டிருக்கும்போது, ஏதோ அழைப்பு வந்ததுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே போய்விடுவார். ஜெயிப்போம் என்று தெரிந்த மனிதர் எதற்காக நின்று பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் சார் கழிப்பறையில் இருப்பார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே எழும் கூச்சல் காதில் விழாதபடி நின்றிருப்பார். பட்டப்பெயர் வந்த கதையும் அப்படித்தான். இதே கல்லூரியில் படித்தபோது அவர் ஆடிய முதல் போட்டியில் பந்து நேராக அவரை நோக்கி வந்தது. கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. நகர முடியவில்லை. பாறை மாதிரி நிற்கிறான் பார் என்று அவருடைய பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். பந்து எப்படியோ இவர் தோளில் பட்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்து பாயிண்ட்டும் கிடைத்துவிட்டது. பார்த்தவர்கள் என்ன நிதானம், என்ன துணிச்சல் என்று கைதட்டித் தீர்த்தார்கள். திட்டாக வந்த சொல் மறுநாளே பட்டமாகிவிட்டது. ஊரே கூடி வீரன் என்று கொண்டாடும்போது, இல்லை ஐயா, எனக்குக் கால் வரவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அவரும் வாயைத் திறக்கவில்லை. அப்படியே காலம் ஓடிவிட்டது.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, தெரியாததைத் தெரிகிறது என்று அடித்துவிடுகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். அவளிடம் புருஷனின் பாசாங்கு எத்தனை நாள் செல்லும்? யாரிடமும் சொல்லக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் காப்பாற்றினாள். வீட்டுக்குள் கிண்டல் செய்வதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லாததால் அதை மட்டும் விட்டதில்லை.

அந்த வருடம் கல்லூரிக்குப் புதிதாக ஒரு மனநல ஆலோசகர் வந்தார். சின்ன வயதுப் பெண், மெல்லிய குரல். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார்கள். பாறை அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை சார் என்று அந்தப் பெண் முதலில் திருத்திப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார். வந்த சில வாரங்களிலேயே எல்லா விளையாட்டுப் பயிற்சியாளர்களையும் கூட்டி உட்கார வைத்து ஒரு திட்டத்தைச் சொன்னார். கல்லூரி அணிகளில் ஆடுகிற எல்லோருக்கும் மனப் பதற்றம் இருக்கிறதா என்று பரிசோதிக்கப் போகிறார்கள். ஒரு கேள்வித்தாள் தருவார்கள். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா, கெட்டது ஏதோ நடக்கப் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறதா என்று கேட்டிருக்கும். ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம். தினமும் என்றால் மூன்று. கூட்டுத்தொகை பெரிதாக வருகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

பதற்றம் இல்லாமல் எவன்தான் விளையாடுகிறான் என்று ஃபுட்பால் பயிற்சியாளர் கொட்டாவி விட்டார். ஆட்டத்தின்போது வருவது வேறு, ஆட்டம் முடிந்தும் போகாமல் இருப்பது வேறு என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். பாறையின் காதில் இது எதுவும் ஏறவில்லை. பரிசோதனை என்ற சொல்லோடு அவர் காது அடைத்துக்கொண்டது.

அதற்கும் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் இதே கல்லூரியில் மருத்துவர்கள் வந்து எல்லா விளையாட்டுப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். அணியிலேயே பலமாக அடிக்கிற பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. இதயத்தில் ஏதோ ஒரு சத்தம். அன்றோடு அவள் ஆட்டம் முடிந்தது. மருத்துவர்கள் செய்தது சரிதான், அந்தப் பெண் இன்றைக்கு நன்றாக இருக்கிறாள், குழந்தைகளின் படத்தை எல்லாம் சாருக்கு அனுப்புகிறாள். ஆனாலும் அன்றைக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு கோர்ட்டைத் திரும்பிப் பார்த்தபடி போனது பாறையின் மனதை விட்டுப் போகவில்லை. பரிசோதனை என்றால் அவர் அகராதியில் ஆளைக் கழிப்பது என்று அர்த்தம். நெஞ்சுக்குள் சத்தம் இருந்தவளைக் கழித்தார்கள், இப்போது மனதுக்குள் சத்தம் இருக்கிறவளைக் கழிக்க வருகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அதிக நாள் இல்லை. ஒருத்தியைக்கூட விட்டுக்கொடுப்பதாக அவருக்கு உத்தேசம் இல்லை.

பயிற்சியாளர் என்ன செய்வார்? பயிற்சி கொடுப்பார். பாறையும் அதைத்தான் செய்தார். வேறொரு கல்லூரியில் இருந்த பழைய தோழரிடம் கேட்டு, அங்கே கொடுத்த அதே கேள்வித்தாளை வாங்கிவிட்டார். ஒரு மாலையில் பந்துக் கூடைகளும் நெட்டும் போட்டு வைக்கிற அறைக்குள் அணியை அழைத்துக் கதவைச் சாத்தினார். ரப்பர் வாசனையும் தைல வாசனையும் கலந்த அந்த அறையில் பெண்கள் கீழே உட்கார்ந்தார்கள். சார் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துவிட்டு, இதில் ஏதாவது யாருக்காவது இருந்தால் கை தூக்கச் சொன்னார்.

ஒரு கையும் எழவில்லை. கை எழாததில் அதிசயம் என்ன? பாறையின் முன்னால், மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று கை தூக்க எவள் துணிவாள்? அந்தச் சின்னக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. தன் பிள்ளைகளுக்குத் தன்னுடைய வியாதி இல்லை என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அப்புறம் என்ன, பொய்யே இல்லை, இருப்பதைத்தான் எழுதப் போகிறோம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவதற்கு ஒத்திகை நடத்தினார். மாதிரித் தேர்வுகூட வைத்தார். மடமடவென்று எழுதிக் கொடுத்தால் சந்தேகம் வரும், நடுநடுவே கொஞ்சம் யோசிப்பதுபோல் கூரையைப் பார்க்க வேண்டும் என்றார். நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்தி, நம்புகிற மாதிரி இருக்க அங்கங்கே ஒன்று இரண்டு போடலாமா என்று கேட்டாள். விஷப்பரீட்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அணி பரீட்சை எழுதியது. கூரையைப் பார்த்தது. அத்தனை பேரும் பூஜ்யம் வாங்கினார்கள்.

அடுத்த வாரத்தில் கடுகு பயிற்சிக்கு வரவில்லை. கடுகு என்பது அணியின் செட்டர். மற்றவர்கள் அடிப்பதற்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். ஆள் சின்னவள், அதனால் அந்தப் பெயர். யார் எந்த உயரத்தில் அடிப்பாள், யாருக்கு இன்றைக்குத் தோள் வலி என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற விரல்கள். அவள் இல்லாமல் அந்த அணி ஆட முடியாது என்பதை எதிரணிகளே சொல்லும். படிக்க நிறைய இருக்கிறது என்று யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தாள். சரி, தேர்வு நேரம், நாலு நாள் போகட்டும் என்று பாறை விட்டுவிட்டார். நாலு நாள் ஒரு வாரமாகியும் அவள் வந்தபாடில்லை. நாலு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆலோசகர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார் பாறை.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இதைப் பார்த்தா உங்க டீம்ல ஒருத்தருக்கும் உயிர் இருக்கிற மாதிரியே தெரியலை" என்றார் ஆலோசகர், பூஜ்யமாக நிரம்பியிருந்த தாள்களை அவர் பக்கம் நகர்த்தி.

பாறை அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மற்ற எல்லா அணிகளிலும் யாராவது சிலருக்குக் கூடுதலாக வந்திருக்கிறது, வரத்தான் செய்யும், அவர்களில் யாரையும் அணியை விட்டு எடுக்கப் போவதில்லை, எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, யாருக்குப் பேச ஆள் வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இதெல்லாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, உங்கள் செட்டர் எங்கே என்று கேட்டார்.

"நான் உங்க கோர்ட் பக்கம் வந்து நின்னு பார்த்திருக்கேன் சார். அந்தப் பொண்ணு சர்வ் போடறதுக்கு முன்னாடி கையை உதறிக்கிட்டே இருந்தா. முதல்ல அவளைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். பேப்பர்ல பார்த்தா பூஜ்யம். ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் கொடுத்த பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடறது?"

கையை உதறியதைப் பாறையும் பார்த்திருந்தார். அதைத் தசைப்பிடிப்பு என்று எடுத்துக்கொண்டு, தைலம் தடவச் சொல்லியிருந்தார். ஒத்திகை நடத்தியதை அங்கேயே ஒப்புக்கொண்டார். ஆலோசகருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பயத்துக்கு மாதிரித் தேர்வு வைத்த ஒரு மனிதரை அவர் படித்த புத்தகங்கள் எதிலும் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிறகு சார் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பாறை நேராகக் கோர்ட்டுக்குப் போய் ஒட்டடைக்குச்சியை ஓரமாக அழைத்தார். கடுகுக்கு நெருக்கமானவள் அவள்தான். என்ன நடந்தது என்று கேட்டதுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பரிசோதனை முடிந்த அன்றைக்கு உடை மாற்றும் அறையில் கடுகு ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாளாம். உங்கள் எல்லோருக்கும் நிஜமாகவே பூஜ்யம், நான் ஒருத்திதான் பொய் எழுதினேன், எனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறு, நான் இந்த அணிக்கு லாயக்கில்லை என்றாளாம்.

"நீ என்னம்மா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல சார். நானும் பொய்தான் எழுதினேன். நான் மட்டும்தான்னு நினைச்சேன்."

தன் மேலேயே பாறைக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. ஒளித்து வைத்துப் பழகிய மனிதர் வேறு எதைக் கற்றுக் கொடுப்பார், ஒளித்து வைக்கத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார். மறுநாளே அணியைக் கூட்டி, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, டாக்டரம்மா யாரையும் எடுக்க வரவில்லை, இந்தத் தடவை உள்ளதை எழுதுங்கள், நான் பக்கத்திலேயே இருக்க மாட்டேன் என்றார். ஆலோசகர் ஒவ்வொருத்தியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாருக்கு எவ்வளவு என்று சாரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போதுதான் உங்கள் அணி மூச்சு விடுகிறது என்று மட்டும் சொன்னார். அன்று மாலை கோர்ட்டில் பந்து ஓடவே இல்லை. பேருந்தில் ஏறினால் பாட்டை நிறுத்தாத பெண்ணுக்கு வெளியூர்ப் போட்டி என்றால் முந்தின நாளெல்லாம் சோறு இறங்காதாம். எதிரணியை முறைத்தே பயமுறுத்துகிற பெண்ணுக்கு, தன் அப்பா பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்தால் கண் இருட்டுமாம். உனக்குமா, உனக்குமா என்று கேட்டு, அழுது, ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுச் சிரித்துக் கிடந்தார்கள்.

ஆலோசகர் சாரிடமும் ஒரு கேள்வித்தாளை நீட்டியிருந்தார். பயிற்சியாளர்களும் எழுதலாம் என்றார். பாறை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதற்கு, நேரமில்லை என்று நழுவிவிட்டார். ஒரு நாளில் அவ்வளவுதான் திருந்த முடியும்.

மறுநாள் கடுகைத் தேடிப் போனார். கடுகின் அம்மா நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். நடைபாதையை ஒட்டிய சிறு கடை. ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழுதான இன்னொரு மெஷினின் மேல் காகிதக் கட்டுகளை அடுக்கி மேஜையாக ஆக்கியிருந்தார்கள். சூடான காகித வாசனை தெரு வரைக்கும் வந்தது. கடுகு உள்ளே நின்று யாருடைய பத்திரத்தையோ பக்கம் பக்கமாகப் புரட்டி நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடியும் புரட்ட ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தது போலும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பித்துவிட்டாள். கல்லூரிக்கே போகமாட்டேன் என்கிறாள், படிப்பை நிறுத்திவிட்டுக் கடையிலேயே இருக்கப் போகிறாளாம், எனக்கு ஒத்தாசையாக இருக்குமாம், நான் கேட்டேனா ஒத்தாசை, யாராவது ஏதாவது சொன்னார்களா என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், சரியாகத் தூங்குவதும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். வாலிபால் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்த பாறை, படிப்பும் போகப் போகிறது என்று கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வாடிக்கையாளர் நகல்களை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். அத்தனை பேரும் பொய்தான் எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் எழுதினார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. நீ தனி ஆள் இல்லை.

கடுகு தலை நிமிராமல் கேட்டாள். முடிந்ததும், "அன்னிக்கு நீங்க பூஜ்யம்னு சொன்னீங்க, பூஜ்யம் போட்டாங்க. இன்னிக்கு பயம்னு எழுதச் சொல்லியிருப்பீங்க, எழுதியிருப்பாங்க. போட்டி வருது. நான் வரணும்னு நீங்க என்ன வேணா சொல்லுவீங்க சார்" என்றாள்.

குரலில் கோபம் துளிக்கூட இல்லை. அவள் சொன்னதில் பிழை என்ன? பொய்க்கு ஒத்திகை நடத்திய வாய் சொல்கிற உண்மையை எவள் நம்புவாள்? பாறை எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாததைச் சொன்னார். எனக்கும் பயம்தான், எனக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் என்றார்.

கடுகு இப்போது நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சின்னச் சிரிப்பு. தன்னைத் தேற்றுவதற்காக ஒரு பெரிய மனிதர் இவ்வளவு கீழே இறங்கி வருகிறாரே என்ற இரக்கம் அதில் இருந்தது.

"உங்களுக்கா சார்? விடுங்க சார்."

இப்படியும் ஒரு சோதனை மனிதனுக்கு வருமா? வாழ்நாள் முழுக்கக் கோழை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று பாடுபட்டவர், இப்போது கோழை என்று நிரூபிக்க வழி தெரியாமல் ஒரு ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுக்கி அடுக்கிக் கட்டிய பொய் அவ்வளவு கெட்டியாக நின்றது. கடைசியில் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக் காகிதக் கட்டின் மேல் நிறுத்தினார்.

"மேட்ச் அன்னிக்கு நான் எப்படி இருப்பேன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

மறுமுனையில் கண்ணாடிக் கடையின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் சந்தேகமாக வந்தது. "யாருங்க பக்கத்துல? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கடுகு இருக்கா, அவங்கம்மா இருக்காங்க. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

மனைவி தொடங்கினாள் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்த கதை, அணை உடைந்த மாதிரி வந்தது. போட்டி நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையையே எடுத்து மறுபடியும் இஸ்திரி போடுவார், தன் சட்டை தீர்ந்தால் என் துணிகளையும் போடுவார். ஒரு வாய் தோசையோ ரொட்டியோ உள்ளே போகாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். முந்தின ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருப்பார், நான் புரண்டு படுத்தால் பதறி எழுந்துகொள்வார். கடைசிப் பாயிண்ட்டுக்குப் போன் பேசப் போகிறார் என்று நினைத்தீர்களா, கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார், வீட்டுக்கு வந்தால் சட்டைக் கை இரண்டும் ஈரம். எங்கள் கல்யாணத்தில் மயங்கி விழுந்தவர், வெயில் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தோம், அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது.

பாறை காதெல்லாம் சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மழை என்று கேட்டதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இங்க பாரு பொண்ணே" என்றாள் மனைவி, குரல் மாறியிருந்தது. "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். இப்ப அவரே சொல்லச் சொல்றார்னா உன் மேல எவ்வளவு உசிரு வச்சிருக்கார்னு பார்த்துக்கோ. சரிங்க, ஆள் காத்துக்கிட்டிருக்காங்க, வைக்கிறேன்."

போன் அணைந்தது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடுகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு நாளாக என்று கேட்டாள். முதல் மேட்ச்சிலிருந்து என்றார் பாறை. அவள் தலையாட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சர்வ் போடப் போறப்ப இது என் கை மாதிரியே இருக்காது சார். மரத்துப் போயிடும். அப்புறம் அது கோர்ட்ல மட்டும் இல்லாம ஆயிடுச்சு. கிளாஸ்ல உட்கார்ந்திருப்பேன், திடீர்னு மூச்சு நின்னுடுற மாதிரி இருக்கும். செத்துப் போயிடுவேனோன்னு இருக்கும். யாருக்கும் தெரியக் கூடாதேன்னு எழுந்து வெளிய ஓடிடுவேன்."

ஒண்ணுமில்ல, தைரியமா இரு. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாறை அதை விழுங்கினார். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் அவரிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.

"நீ ஆட வரவேண்டாம்மா. போட்டி கிடக்கட்டும். நாளைக்கு அந்த டாக்டரம்மா ரூமுக்கு மட்டும் வா. நானும் வர்றேன். எனக்கும் ஒரு பேப்பர் கொடுத்திருக்காங்க, இன்னும் எழுதல" என்றார்.

"நான் இல்லாம டீம் என்ன சார் பண்ணும்?"

"தோத்துப் போகும். தோத்தா என்ன இப்போ?"

கடுகு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்போது திடீரென்று கடை நிசப்தமானது. அம்மா மெஷினை அணைத்திருந்தாள். இவ்வளவு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தவள். எடுத்ததெல்லாம் வெற்றுத்தாள் என்பது மெஷினின் தட்டில் விழுந்து கிடந்தவற்றைப் பார்த்தால் தெரிந்தது.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துடுவியேன்னுதாம்மா."

அம்மா விரல்களில் ஒட்டியிருந்த மையை ஒரு பழந்துணியில் துடைத்தாள். கடைக் கதவைப் பாதிக்கு இறக்கினாள். வந்து மகளுக்கு எதிரே, தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பயந்தா பயந்துட்டுப் போறேன். நீ சொல்லு."